கடவுளிடம் பெற்ற ஆறுதலைப் பிறருக்குக் கொடுப்பது என்றால் என்ன?

துன்பத்தில் கடவுள் தன்னோடு இருந்ததை உணர்ந்து தேறியவர், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குத் துணையாக நிற்பதுதான் இது. பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்திலேயே (1:3-4) இயேசுவின் தூதரான பவுல் இதைச் சொல்கிறார். ஆறுதலுக்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல் பராக்ளேசிஸ். வேர்ப்பொருள், பக்கத்தில் அழைப்பது. புத்திமதி சொல்வது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு.

யாழ்ப்பாணத்துச் செத்தவீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று பலர் சொல்லிவிட்டுப் போவார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த அயல்வீட்டு அம்மா ஒன்றும் பேசமாட்டார். கையைப் பிடித்தபடி பக்கத்துக் கதிரையில் இருப்பார், பிளேன்ரீ ஆறிப்போகும். அந்த வலியைக் கடந்து வந்தவர் என்பதால், அவருடைய மௌனமே போதும்.

சரி, ஆறுதல் பெற்றவர் அழக்கூடாதா? அப்படி இல்லை, தன் நண்பர் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார்.