வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை ஃபிளாஷ் டிஃப்யூசராகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. டிஃப்யூசர் என்பது ஃபிளாஷ் ஒளியைப் பரப்பிவிடும் வெண்திரை, அவ்வளவுதான். ஃபிளாஷின் முகப்பு சின்னது. சின்ன இடத்திலிருந்து பாயும் ஒளி கூர்மையான நிழல் போடும். ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். சுள்ளென்ற வெயிலில் விழும் நிழலையும் மேகமூட்டத்தில் விழும் நிழலையும் பாருங்கள், புரியும்.

பால் நிற டப்பாதான் சரி. கலர் டப்பா என்றால் முகத்திலும் அந்த நிறம் ஏறும். ஃபிளாஷை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அப்போதுதான் ஒளி டப்பா முழுக்கப் பரவும், பிளாஸ்டிக்கும் சூட்டில் உருகாது. வெளிச்சம் ஓரளவு குறையும். ஃபிளாஷ் பவரைக் கூட்டிக்கொள்ளலாம்.

பலர் நினைப்பதுபோல ஒளி மங்குவதால் நிழல் மென்மையாவதில்லை. ஃபிளாஷ் அளவே உள்ள குட்டி மூடியைத் திறந்தவெளியில் மாட்டினால் வெளிச்சம்தான் வீணாகும்.