மாடிப்படிக்கு அடியில் ஒரு நாய்

கேள்வி: எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் லாப்ரடார் நாயை மாடிப்படிக்கு அடியில் இரண்டடிச் சங்கிலியில் கட்டியே வைத்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கிய மகன் வெளிநாடு போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. ஒரு வேளை மிச்சச் சோறு, காய்ந்து கிடக்கும் தண்ணீர்ச் சட்டி, கழுத்தைச் சுற்றிப் புண். அவர்கள் ஊரில் இல்லாத நாளில் அவிழ்த்து வந்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் எண்ணத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால், அந்த வழி நாய்க்கு உதவாது. சட்டப்படி வளர்ப்பு நாய் உரிமையாளரின் உடைமை என்பதால், அவருக்குத் தெரியாமல் எடுப்பது திருட்டாகிவிடும். புகார் கொடுத்தால் நாய் அதே படிக்கு அடியில்தான் திரும்பப் போய்ச் சேரும். நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், போதிய உணவும் நீரும் தராமலிருப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால், முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்கு இன்று ஒரு கழுத்துப்பட்டைகூட வாங்க முடியாது. ஆகவே புகாரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். மகன் விட்டுச்சென்ற நாயை வயதான பெற்றோரால் பராமரிக்கவும் முடியாது, யாரிடமாவது கொடுத்தால் மகன் வருந்துவானோ என்ற தயக்கமும் இருக்கும். “உங்களுக்குச் சிரமமாக இருந்தால் நான் வைத்தியம் பார்த்து, நல்ல இடத்தில் சேர்த்துவிடுகிறேன் அம்மா” என்று சொன்னால், பெரும்பாலும் அவர்களுக்கே பாரம் இறங்கியதுபோல் இருக்கும். சம்மதித்ததும், நாயை உங்களிடம் ஒப்படைத்ததாகத் தேதியுடன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தடுப்பூசிப் புத்தகம் இருந்தால் அதையும் கேளுங்கள். மறுத்தால், நாயின் நிலையைத் தேதிவாரியாகப் படமெடுத்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே வயிறார விருந்து வைத்துவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய உணவு போனால், இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகளின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழைந்த சோற்றையும் வேகவைத்த கோழிக்கறியையும் சிறிது சிறிதாக, நாளைக்கு நான்கைந்து முறை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பட்டை சதைக்குள் பதிந்திருந்தால் நீங்களே இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வலியில் அது கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “வீட்டு நாய்தானே” என்று இருந்துவிட வேண்டாம்.

உடல் தேறியதும் முதல் வேலையாகக் கருத்தடை அறுவையைச் செய்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பெண் லாப்ரடார் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் குட்டி போடவைத்து விற்பவர்களே முதல் ஆளாக வந்து நிற்பார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயிலிருந்தும் அது தப்பிக்கும்.

வீடு பார்ப்பது பெண்ணுக்கு வரன் பார்ப்பதைவிடக் கடினம். இங்கே பெண் வாய்திறந்து குறை சொல்லாது. வருபவர்களிடம் நாயின் குறைகளை மறைக்காதீர்கள்: முடி உதிரும், பாத்திரம் விழுந்தால் நடுங்கும், தனியாக விட்டால் குரைக்கும் என்று முதலிலேயே சொன்னால், விலக வேண்டியவர்கள் தாமே விலகுவார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய், இரவில் எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார், வாடகை வீடானால் உரிமையாளர் சம்மதித்தாரா, வீட்டில் யாருக்காவது மனமில்லாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். “தோட்டத்துக்குக் காவலாக இருக்கட்டும்” என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. அங்கே பெரும்பாலும் கட்டும் தூண் மட்டும்தான் மாறும். வெயில் தாங்காத இனம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தெருவில் கிடந்த ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் “என்ன ஜாதி?” என்றுதான் கேட்கிறார்கள். யாராவது எடுப்பார்களா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நாய்க்கும் அந்தக் கேள்வி! ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் தலையே வந்துவிட்டது. தெருக்குட்டிக்கு அந்த யோகம் இல்லை. எனினும் குட்டை முடியும் நம் வெயிலுக்குப் பழகிய உடலும் அதற்கு உண்டு. கூண்டுக்குள் படமெடுக்காமல், ஒரு குழந்தையுடன் விளையாடும்போது எடுத்து அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: நான் வளர்த்துக் கொடுத்த நாய் புது வீட்டில் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். திரும்ப அழைத்து வந்துவிடட்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். குடிக்காமலோ வாந்தி எடுத்தோ இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இல்லையெனில், இடம் மாறிய நாய் சில நாட்கள் மூலையில் ஒதுங்கிக் கிடப்பது வழக்கம். முழுதாகப் பழகச் சில மாதங்கள்கூட ஆகும். கதவு திறந்தால் உங்களைத் தேடி ஓடிவிடக்கூடிய நாட்களும் இவைதான் என்பதால், வெளியே கொண்டுபோகும்போது வாரைக் கையிலிருந்து விடவேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் இப்போது நேரில் போகாதீர்கள், படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித்தர வேண்டும் என்பதை மட்டும் இன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.