வெட்டிக் கிடக்கும் அடிமரத்தை என்ன செய்வது? கேள்வி பதில்

நாற்பது ஆண்டுகளை மர வாடியிலும் சா மில்லிலும் கழித்தவன் என்பதால், வீட்டில் வெட்டிப் போட்ட மரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என்னால் இயன்றவரை விடையளித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மரங்களுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: ஐயா, தாத்தா வைத்த பலா மரம் சுவரைச் சாய்த்ததால், அனுமதி பெற்று மூன்று மாதங்களுக்கு முன் வெட்டினோம். எட்டு அடி நீளமும் ஐந்து அடி சுற்றளவும் உள்ள இரண்டு தடிகள் முற்றத்தில் கிடக்கின்றன. விறகுக்குக் கொடுத்துவிடு என்கிறார்கள். மனம் வரவில்லை.

மனம் வராததே சரி. தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாவில்தான் கடையப்படுகின்றன. பண்ருட்டிப் பலாவுக்கு அந்தத் தொழிலில் தனி மதிப்பு உண்டு. ஆகவே ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே, இது பலகையாக வேண்டுமா, முழுக்கட்டையாக வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மிருதங்கம் செய்பவருக்கு ஏறத்தாழ 2 அடி நீளமுள்ள உருளை வேண்டும். ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்த பிறகு அவரிடம் போனால் அவர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்த முடிவுக்கு ஒரு வாரம் ஆனாலும், இரண்டு வேலைகளை இன்றே செய்துவிடுங்கள். தடியை மண்ணிலிருந்து தூக்கிச் செங்கல்லின் மீது வையுங்கள். இரு நுனிகளிலும் வெடிப்பு விட்ட பகுதியை இரண்டு மூன்று அங்குலம் அறுத்தெறிந்துவிட்டு, புது முகத்தில் எனாமல் பெயின்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட நுனி வழியாகப் பன்மடங்கு வேகமாக வெளியேறுகிறது; நுனி மட்டும் முந்திக்கொண்டு சுருங்குவதால்தான் அது பிளக்கிறது.

பலகைதான் என்று முடிவானால், நடு மையத்தைப் பலகைக்குள் விடாமல் ஒதுக்கி அறுக்கச் சொல்லுங்கள். காயும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே மையத்தை உள்ளே வைத்துக்கொண்ட மரம் எங்காவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். அறுத்த பலகைகளுக்கிடையே ஓர் அங்குல ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்கி, உச்சியில் பாரம் ஏற்றி, வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஓர் ஆண்டு என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊரில் அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த மரம் மீண்டும் ஈரம் குடிக்கும். ஒரே பலகையை மாதந்தோறும் எடை போட்டுச் சுவரில் எழுதி வாருங்கள். மழையில்லாத இரண்டு மாதங்கள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால், ஆசாரியைக் கூப்பிடலாம்.

போரூரிலிருந்து ஒருவர்: வேப்பந்தடி ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை எனக்குத் தெரியாது. அளக்கும் முறை தெரியும். நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கிலான நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி 10 கன அடி. இந்தக் கால்சுற்றுக் கணக்கு உண்மையான கன அளவில் ஏறத்தாழ 78 விழுக்காட்டையே காட்டும் என்பதையும் அறிந்துகொண்டு வியாபாரியிடம் பேசுங்கள். மீதியை அறுவைச் சேதாரம் என்பார் அவர், அதில் பாதி நியாயமும் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து ஒரு பெண்மணி: 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த புளிய மரம் எங்கள் மனையில் அப்படியே கிடக்கிறது. ஏதாவது தேறுமா ஐயா?

வெள்ளை எனப்படும் வெளிப்புற மென்மரம் முழுவதும் போயிருக்கும், அம்மா. அதற்காக வருந்த வேண்டாம். ஒரு திருப்புளியை எடுத்துப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். பிஸ்கட்டைப் போல உள்ளே இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. இறங்காமல் நின்றால், நுனியில் அரை அடியை அறுத்துத் தள்ளி உள்ளே பாருங்கள். புளியில் வைரம் எனப்படும் கரும்பழுப்பு நடுமரம் சிறியதாகவே இருக்கும். ஆனால் இருப்பது இரும்பு. இத்தனை ஆண்டுகள் மண்ணில் கிடந்ததால் அடிப்பக்கத்தைக் கரையான் தொட்டிருக்கும், மேல்பக்கம் தப்பியிருக்கக்கூடும். தேறினால் கறி வெட்டும் கட்டைக்கும் உலக்கைக்கும் கைப்பிடிக்கும் ஆகும். தேறாவிட்டால் மனையின் மூலையில் உருட்டி விடுங்கள். காளானும் மரங்கொத்தியும் ஓணானும் அதைப் பார்த்துக்கொள்ளும். மண்ணோடு மரம் படக் கூடாது என்று மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும் விலக்கு.

ஆவடியிலிருந்து ஒருவர்: தூங்குமூஞ்சி மரம், நான்கு அடி விட்டம். சா மில்லில் பெட்டி அடிக்கத்தான் ஆகும் என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். சென்னையின் சாலைகளுக்கெல்லாம் நிழல் தரும் இந்தத் தென்னமெரிக்க மரத்தை நாம் விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் மட்டுமே பார்க்கிறோம். ஹவாய்த் தீவுகளிலோ இதே மரத்தில் கடைந்த கிண்ணங்களும் தட்டுகளும் பெயர் பெற்றவை. வைரம் அக்ரூட் மரத்தை ஒத்த பழுப்பு, வெள்ளை வெளிர் மஞ்சள், இரண்டும் சேரும் கோடு ஓவியம் வரைந்ததைப் போல இருக்கும். காயும்போது சுருக்கம் மிகக் குறைவு என்பதால் பச்சையாகவே கடைந்தாலும் பெரும்பாலும் வெடிப்பதில்லை. இரேகை பின்னிப் பின்னி ஓடுவதால் இழைப்புளி பிய்க்கும். அதற்குக் கூரான உளியும் பொறுமையும் வேண்டும். நான்கு அடி விட்டத்தில் ஒரே பலகையாக இரண்டரை அங்குல கனத்தில் அறுத்தால், எட்டுப் பேர் உட்கார்ந்து உண்ணும் மேசைக்கு ஒட்டே தேவையில்லை. அவ்வளவு அகலத்தைச் சிறிய பட்டை ரம்பம் தாங்காது. புழல், மாதவரம் பக்கம் இறக்குமதித் தடி அறுக்கும் பெரிய மில்களில் விசாரியுங்கள். பெட்டி அடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: தேக்கு, இரண்டு தடி. விலை என்ன சொல்லலாம்?

மேலே போரூர்க்காரருக்குச் சொன்ன கணக்கைப் படியுங்கள். தேக்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன், மரத்தைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு குறித்தும் வனத்துறையில் கேளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் ஆசாரி: தாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அமாவாசையில் வெட்டிய மரம் உளுக்காது. எங்கள் அப்பா பூவரசையும் மாவையும் ஆறு மாதம் குளத்தில் அமிழ்த்தி எடுத்த பிறகே உளி வைப்பார். பெயின்டும் மெழுகும் நேற்று வந்தவை.

உங்கள் அப்பாவின் குளத்துக்கு வணக்கம். அமாவாசையை நான் ஏற்கவில்லை. மாவாக உதிர்க்கும் அந்தச் சின்ன வண்டு தேடுவது வெள்ளை மரத்தின் துளைகளில் தங்கியிருக்கும் மாவுச்சத்தை. வைரத்தில் அது இல்லாததால்தான் வண்டு அங்கே போவதில்லை. இலையுதிர்க்கும் மரத்தில், புதுத் தளிர் விட்டு முடிந்த பருவத்தில் அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். பருவத்துக்கு வேலை உண்டு, நிலவுக்கு இல்லை.

அதே ஆசாரி: நாற்பது ஆண்டு மில்லில் இருந்தவர் அறுத்த மரத்தைத்தான் பார்த்திருப்பார். வெட்டும் நாளைப் பார்த்தவர் நாங்கள்.

ஒப்புக்கொள்கிறேன், வெட்டும் நாளில் நான் அங்கே இருந்ததில்லை. ஆனால் அமாவாசையில் வெட்டியது என்று சத்தியம் செய்து கொண்டுவரப்பட்ட மாந்தடிகள் ஆறே மாதத்தில் மைதாவாக உதிர்ந்ததை வாடியில் பெருக்கி அள்ளியிருக்கிறேன்.

கொளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அப்படியானால் குளத்தில் ஊறப்போடுவதும் நம்பிக்கைதானா?

இல்லை தம்பி, அங்கே ஆசாரி சொல்வதே சரி. தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்ந்த மரத்தில் காற்று இல்லாததால் பூஞ்சை வளராது, வண்டு முட்டையிட முடியாது. நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். பாதி மிதந்தால் மட்டும் பயனில்லை, மிதக்கும் பகுதி கறுத்துப்போகும். நாற்றம் வரும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தேக்கின் வைரத்துக்கு இந்தப் பாடு தேவையில்லை. மா, பூவரசு போன்ற வெள்ளை மிகுந்த மரங்களுக்கே தேவை.

எண்ணூரிலிருந்து ஒருவர்: வீட்டுக்குப் பின்னாலேயே கழிமுகம் இருக்கிறது. அதில் போடலாமா?

போடாதீர்கள்! உவர்நீரில் கப்பல் புழு இருக்கிறது. வெளியே குண்டூசித் துளை மட்டும் தெரியும். அறுத்தால் உள்ளே தேன்கூடு. நன்னீர் மட்டும்தான்.

அதே ஆசாரி: குளமெல்லாம் இப்போது அடுக்குமாடியாகிவிட்டது. அப்பாவின் முறையை எங்கே செய்வது?

அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை, ஆசாரியாரே. சிறிய கட்டைகளைச் சிமென்ட் தொட்டியில் கல்லைப் பாரம் வைத்து அமிழ்த்தி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றலாம். அறுத்த பச்சைப் பலகையானால், வெண்காரமும் போரிக் அமிலமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்த கரைசலில் ஊற வைப்பது எளிது. மழையில் நனையும் இடத்துக்கு மட்டும் அது நிற்காது, கரைந்தோடிவிடும். அமாவாசை விஷயத்தை நேரில் ஒருநாள் பேசிக்கொள்வோம்.

வளசரவாக்கத்திலிருந்து ஒருவர்: தெருவோர வாகை மரம். சா மில்காரர் தடியைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். தெரு மரத்தில் டியூஷன் பலகைக்கும் தண்ணீர் கேன் விளம்பரத்துக்கும் அடித்த ஆணிகள் காலப்போக்கில் மரத்துக்குள் புதைந்துவிடும். ரம்பம் அதில் பட்டால் பல் போகும், சில வேளை ஆளுக்கும் ஆபத்து. அறுத்த பலகையில் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை தெரிவது இரும்போடு மரத்தின் துவர்ப்பு கலப்பதால். உலோகம் கண்டறியும் கருவியால் தடியைச் சோதித்து, ஆணி இருக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொண்டுபோங்கள். ஆணியில்லாத துண்டு கிடைத்தால், மரச்செக்கு செய்பவர்கள் வாகையைத் தேடி வாங்குவார்கள். வீட்டு மரத்தில் கொடிக்கயிற்றுக்கு ஆணி அடிக்கும் அத்தனை பேருக்கும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

பல்லாவரத்திலிருந்து ஒருவர்: மாந்தடி என்ன விலை?

போரூர்க்காரருக்குச் சொன்ன அதே 144 கணக்குதான்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: தோட்டத்தில் பட்டுப்போன சந்தன மரம் இருக்கிறது. வெட்டி விற்கலாமா?

கத்தியை எடுக்காதீர்கள். முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: ஐயா, செங்கல்லில் ஏற்றிவிட்டோம், நுனியையும் அறுத்தாயிற்று. மிருதங்கத்துக்கே கொடுப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். பெயின்ட் எந்த நிறத்தில் அடிக்க வேண்டும்?

கேட் அடித்தபின் மீந்து கிடக்கும் எந்த நிறமானாலும் சரி. இருட்டுவதற்குள் அடித்துவிடுங்கள்.