குழைதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதி அழித்த கடிதங்கள் பத்தாவது இருக்கும். நன்றாக எழுதவில்லை என்றால் என்ன நினைப்பீர்களோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

எனக்கு 28 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இப்போது சென்னையில் ஐடி வேலை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் ஊரிலிருந்து வெகுதூரத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் படித்தேன். அறையில் எட்டுப் பேர். அதில் ஒருவன் தலைவன் மாதிரி. எனக்குக் கொஞ்சம் திக்கும். அவன் அதை நடித்துக் காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். போகப்போக அவன் தட்டைக் கழுவுவது, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது, ரெக்கார்ட் நோட் எழுதுவது எல்லாம் என் வேலை ஆகிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னை வந்த அன்றே நானே திறந்து நடுவில் வைத்துவிடுவேன். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அடி விழாது. ஒருமுறை வார்டனிடம் சொன்னேன். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்றார். அன்று இரவு போர்வையால் மூடி அடித்தார்கள்.

பத்து வருடம் ஆகிவிட்டது. இன்றும் ஆபீஸில் ஆறு பேருக்கு இரண்டு வேளை டீ வாங்குவது நான்தான். யார் கேட்டாலும் சனிக்கிழமை வேலைக்குப் போகிறேன். யாராவது 'ஓகே' என்று மட்டும் பதில் போட்டால் கோபமோ என்று ராத்திரி வரை யோசிக்கிறேன். அறைத்தோழன் ஒருநாள் எண்ணிப் பார்த்தானாம், ஒரே மாலையில் 14 முறை 'சாரி' சொன்னேனாம்.

போன மாதம் பள்ளி வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். அவனும் இருக்கிறான். அக்கா கல்யாணப் படம் போட்டேன், அவன் ஒரு ஹார்ட் போட்டான். அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன் ஐயா. இரவில்தான் உறைத்தது. என்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. டிசம்பரில் ரீயூனியன். "மண்டபம், சாப்பாடு எல்லாம் நீ பாத்துக்கடா, நீதான் கரெக்டான ஆளு" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு வெட்கமே கிடையாதா? போகலாமா? பெயர் வெளியிட வேண்டாம். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் 'மன்னிக்கவும்' மூன்று இடத்தில் இருந்தது. இரண்டை எடுத்துவிட்டேன். ஒன்று ஞாபகத்துக்கு இருக்கட்டும்.

அந்த ஹார்ட்டிலிருந்து தொடங்குகிறேன், உங்களை அதிகம் சுட்டது அதுதான் என்று தோன்றுகிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்று ஓர் உளவியலாளர். ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத இருவர் ஃபிரிஸ்பீ தட்டு வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தட்டு இவர் பக்கம் வந்து விழுந்தது, எடுத்து வீசினார். அவர்கள் திருப்பி இவருக்கே வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு எந்தக் காரணமும் இல்லாமல் இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். மனிதருக்கு அப்படி வலித்ததாம். யாரென்றே தெரியாத இரண்டு பேர்! அவர் அதை அப்படியே ஒரு கணினிப் பந்து விளையாட்டாக ஆக்கி, பலரை வைத்துச் சோதித்தார். திரையில் மற்ற இருவரும் பந்தைத் தராமல் விடும்போது ஆடுகிறவர் வாடிப்போகிறார். எதிரே ஆடுவது வெறும் கணினிதான் என்று சொல்லிவிட்டாலும் வாடுகிறார். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிரே ஆடுகிறவர்கள் அமெரிக்காவின் கு க்ளக்ஸ் க்ளான் என்ற நிறவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி ஆடவைத்தார்கள். அந்தக் கூட்டம் ஒதுக்கினாலும் வலி குறையவில்லை.

ஆக, பந்து நம் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் அந்த இடத்துக்கு, வீசுகிறவன் யார் என்பது உறைப்பதில்லை. அது அறிவு வருவதற்கு முன்பே பந்தைப் பிடித்துவிடுகிறது. பத்து வருடம் கழித்து அவனிடமிருந்து ஒரு பந்து வந்தது, பிடித்தீர்கள். அதற்குப் போய் வெட்கமே கிடையாதா என்று கேட்கிறீர்கள்.

அடுத்து அந்த முறுக்கு டின். கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி அது. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அடி விழாது என்பதைப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். ஆபத்து வந்தால் உயிர்கள் எதிர்க்கும், ஓடும், இல்லையென்றால் உறைந்து நிற்கும் என்பார்கள். மனநல ஆலோசகர்கள் சிலர் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். தமிழில் அதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: குழைதல். எட்டுப் பேர் இருக்கும் அறையில் எதிர்க்க முடியாது. ஹாஸ்டல் கேட்டைத் தாண்டி ஓட முடியாது. சொன்ன இடத்தில் காது இல்லை. மிச்சம் இருந்தது குழைதல், அதைச் செய்தீர்கள், அது வேலையும் செய்தது. அதனால்தான் இன்னும் விடவில்லை. வேலை செய்யாத பழக்கத்தை மனிதன் சீக்கிரம் விட்டுவிடுவான்.

அவன் எப்போதும் கொடுமையாகவே இருந்திருக்கமாட்டான் என்றும் ஊகிக்கிறேன். பத்து நாள் அடித்துவிட்டுப் பதினோராம் நாள் தோளில் கைபோட்டு "மச்சி" என்றிருப்பான். அந்த ஒரு நாள்தான் ஆளைக் கட்டிப்போடும். எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனம் அடிமையாகும். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்துவதற்கு முன்னால் எங்கள் தெருவில் தினக்கூலியை அப்படியே சீட்டுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. எப்போதோ ஒருமுறை நூறு ரூபாய் விழுந்திருக்கும்.

நடந்ததற்கு நம் ஊரில் சரியான பெயர் இல்லாததும் ஒரு பிரச்சினை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறுவருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதிலிருந்து ராகிங் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் கேட்டதும் கல்லூரி சீனியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஒரே வயது, ஒரே வகுப்பு, பக்கத்துக் கட்டில் என்றால் அதற்குப் பெயர் 'கலாய்ப்பது', 'ஓட்டுவது', 'சும்மா வெளையாட்டுக்கு'. ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970-களிலிருந்தே பள்ளிகளில் இதை ஆராய்ந்தவர். அவர் வைத்த அளவுகோல் எளிமையானது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வாங்குகிறவன் திருப்பிக் கொடுக்க முடியாத இடத்தில் இருப்பது. மூன்றும் உங்கள் அறையில் இருந்தன. கலாய்ப்பு என்றால் மறுநாள் நீங்களும் அவனைக் கலாய்த்திருக்க முடிய வேண்டும். முடிந்ததா?

என் கதை ஒன்று சொல்லலாம், பெருமையான கதை இல்லை. இருபத்து மூன்று வயதில் எங்கள் ஊரில் வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒரு மொட்டைமாடியில் இலக்கியக் கூட்டம் நடக்கும். அதில் மூத்தவர் ஒருவர். என் முதல் கதையை எல்லோர் முன்னாலும் வரிவரியாகப் படித்துச் சிரிக்கவைத்தார். நான் எழுந்து போயிருக்கலாம். மாறாக அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வெற்றிலை சீவல் வாங்கிப்போக ஆரம்பித்தேன். இரண்டு வருடம். ஒருநாள் என் கதை ஒன்றைப் பார்த்து "பரவால்ல" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்தேன், கால் வலித்தது மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் கதையை இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் என் வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவர் வாய்.

நான் அதிலிருந்து வீரமாக வெளியே வரவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் தாமதம், வெற்றிலைக் கடை அடைத்துவிட்டார்கள். நடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். அவர் கவனிக்கவே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது, இரண்டு வருடக் காசு!

அந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு இரண்டு வேளை 180 ரூபாய். மாதம் 22 நாள், 3960 ரூபாய். கையில் காசு இருந்து, கொடுக்கும் மனமும் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஒரு நாள் வாங்காமல் இருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடித்துக்கொண்டால் அது இன்னும் முறுக்கு டின்தான்.

இன்னொன்று. சுயமரியாதை முதலில் மனதில் ஊற வேண்டும், பிறகு நடத்தை தானாக மாறும் என்று நினைக்கிறோம். இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போதே செய்யக்கூடிய காரியம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசிக்கிறார். வியர்வை துடைக்கத் தோளில் துண்டு. பெரிய மனிதர்கள் முன்னால் துண்டு போடுவதா, எடு என்கிறார்கள். பக்கத்தில் இருந்த சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்க வேண்டாம், வாசியும் என்கிறார். துண்டு தோளிலேயே இருந்தது.

சாதி இழிவும் ஹாஸ்டல் அறையும் ஒன்றல்ல, அதைச் சமமாக்கிப் பேசவில்லை. எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது வேறு. அந்த நிமிடம் சிவக்கொழுந்துவின் உள்ளே என்ன ஓடியதோ, கை நடுங்கியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. துண்டு எங்கே இருந்தது என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். அப்புறம், அவர் தனியாக இல்லை. 'எடுக்க வேண்டாம்' என்று சொல்ல ஒரு குரல் பக்கத்தில் இருந்தது. உங்கள் சாரிகளை உட்கார்ந்து எண்ணிய அறைத்தோழன் இருக்கிறாரே, அவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஹாஸ்டலில் நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்று தோன்றுகிறது.

உடனே எல்லோரிடமும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். யூடியூபில் சிங்கம் படம் போட்டு, 'மெசேஜுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போடு, அப்போதுதான் மதிப்பார்கள்' என்று வகுப்பெடுக்கிறார்கள். மூன்று மணி நேரமும் அடுத்தவன் என்ன நினைப்பான் என்றுதானே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்? அதுவும் குழைவுதான், முகம் மட்டும் விறைப்பு. உங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன இடைவெளி. யாராவது எதையாவது கேட்டதும் வாய் தானாக 'சரி' என்று சொல்லும். அந்த இடத்தில் "பாத்துட்டு சொல்றேன்" என்று வையுங்கள். இரண்டு மாதம் இது மட்டும் போதும். பார்த்துவிட்டு முடியாது என்று தோன்றினால் முடியாது என்று சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள். தங்கைக்கு உடம்பு சரியில்லை, வண்டி ரிப்பேர் என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளி ஒரு வழி சொல்வார், கடைசியில் சனிக்கிழமை ஆபீஸில் இருப்பீர்கள்.

சொன்ன பிறகு வயிறு கலங்கும். பெரிய தப்புச் செய்தது போல இருக்கும். அது போர்வைக்குள் இருந்த பையனின் பயம், அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஒவ்வொரு முறையும் அடி விழாமல் போகும்போதுதான் அவனுக்குத் தெரியவரும். பேச்சில் புரியவைக்க முடியாது. சிலர் "ஆளே மாறிட்டான்", "திமிரு" என்பார்கள். உங்கள் 'சரி'யால் லாபம் பார்த்தவர்கள்தான் முதலில் சொல்வார்கள். ஒன்றிரண்டு நட்பு போகவும் செய்யும், பொய் சொல்ல விரும்பவில்லை.

தூக்கம் கெட்டிருந்தால், உயிர் வாழ்வதே வெறுக்கிற அளவுக்குப் போனால், கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமனாஸ்) இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். திக்குவதற்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் மட்டும் போங்கள், அவன் சிரித்தான் என்பதற்காக வேண்டாம்.

ரீயூனியன். போவதா என்பதை டிசம்பரில் முடிவு செய்யலாம். அங்கே அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம். அடித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஞாபகமே இருக்காது, "செம ஜாலியான நாள்டா" என்பான். அதைக் கேட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட முடியும் என்றால் போகலாம். ஆனால் மண்டபத்தை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே சரி சொல்லிவிட்டேனே என்பீர்கள். அவசரத்தில் சொன்ன சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை. குழுவில் இவ்வளவு போதும்: "ஏற்பாடு என்னால் பார்க்க முடியாது. வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்." சாரி வேண்டாம். கைகூப்பும் எமோஜியும் வேண்டாம்.

அனுப்பிவிட்டு போனை அறையிலேயே வைத்துவிட்டு, அறைத்தோழனைக் கூட்டிக்கொண்டு பரோட்டா சாப்பிடப் போங்கள். பில்லை அவர் கொடுக்கட்டும்.

அன்புடன்.