தம்பியைச் சம்பளமில்லாமல் வேலைக்கு அனுப்பலாமா?

உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கிற தம்பியை, கிளிநொச்சியில் ஒரு அலுவலகம் அனுபவத்துக்காக என்று சம்பளமில்லாமல் வரச் சொல்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் ஒன்றும் தராத இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் பக்கத்துத் தொண்டராசிரியர்கள், அதாவது நியமனமோ அரசாங்கச் சம்பளமோ இல்லாமல் படிப்பித்தவர்கள். யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது படிப்பிக்க ஆள் போதவில்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் நின்று வகுப்பெடுத்தவர்களில் பலர் உயர்தரம் முடித்த பிள்ளைகள். என் அக்காவும் அப்படித்தான் போனார். பெற்றோர் சேர்த்துக் கொடுப்பதுதான் கைக்கு வரும், அதுவும் நெல் வெட்டுக் காலத்தில். பிள்ளைகளில் அக்காவுக்கு இருந்த பாசம் உண்மையானது. அந்தப் பாசத்தை நம்பியே வருசக்கணக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியது பெரிய அநியாயம்.

நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம் வைத்தபோது, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து எங்கே, பள்ளிக்கூட நடப்புகளை அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிவு எங்கே என்றுதான் கேட்டார்கள். இடையில் அதிபர் மாறியிருந்தார், பழைய புத்தகத்தைக் காணவில்லை. அக்காவிடம் படித்த பிள்ளைகள் ஊர் நிறைய இருக்கிறார்கள், ஆனால் அது அங்கே செல்லவில்லை.

இன்னொன்று, சம்பளமில்லாத வேலை என்றால் உண்மையில் நாங்கள் காசு கொடுத்துச் செய்யும் வேலை. ஒட்டுசுட்டானில் இருந்தோ புதுக்குடியிருப்பில் இருந்தோ தினமும் கிளிநொச்சிக்கு வந்து போக பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் வீட்டில் இருந்துதான் போக வேண்டும். அம்மா தனியாளாக உழைக்கிற வீடுகள் இங்கே எத்தனை! 2020இல் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோது அரசாங்கமே மாதம் 20,000 ரூபா கொடுத்தது. 2026 ஜனவரியில் இருந்து தனியார் துறையில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா. பழகுகிற பிள்ளைக்கு அவ்வளவும் கொடுக்காவிட்டாலும் பஸ் காசாவது கொடுக்கலாம்தானே.

தொழில் பழகுவது வேறு. தம்பிக்குக் கராஜ், வயரிங் மாதிரி கைவேலையில் விருப்பமென்றால் நைட்டா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் பயிலுனராகப் பதிந்துவிட்டுப் போகட்டும். சோதனையில் சித்தியடைந்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் அதைக் கேட்பார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, அங்கேயும் நேரில் போய் விசாரியுங்கள்.

சரி, அந்த அலுவலகத்துக்கே போகத்தான் வேண்டும் என்றால், தொடங்கும் திகதி, முடியும் திகதி, செய்யும் வேலை, மேற்பார்வை செய்பவரின் பெயர் எல்லாம் எழுதி, முத்திரை குத்தின கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். தினமும் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்து, மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைக்கட்டும்.