அதிகம் பேசப்படாத பழைய தமிழ்ப் படங்களில், சிரிப்போ மர்மமோ, எதைப் பார்க்கலாம்?

கேள்வியைப் பார்த்தால், லீவில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க ஏதோ தேடுகிறீர்கள் போலிருக்கிறது. 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் ஏற்கெனவே தேயத் தேயப் பார்த்திருப்பீர்கள். அதனால் நேராக வீணை எஸ். பாலசந்தருக்குப் போய்விடுகிறேன்.

பாட்டே இல்லாத படம் என்று 'அந்த நாள்' (1954) பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே மனிதர் எடுத்த 'பொம்மை'யையும் 'நடு இரவில்' படத்தையும் பேச ஆளில்லை. சிவாஜி ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், 'அந்த நாள்' எனக்கும் பிடிக்கும். ஆனால் 1970இல் வந்த 'நடு இரவில்' தரும் பயம் வேறு. அகதா கிறிஸ்டி கதையின் தழுவல். ஒரு பங்களாவில் கூடும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி எல்லாம் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு அது வாடகைக் கேசட்டில் வந்தது. வேலை முடிந்து வரும் வழியில் அப்பா சிங்கப்பூர் தேக்காவில் எடுத்து வருவார், அத்தையும் மாமாவும் சாப்பாட்டோடு வந்துவிடுவார்கள். பாதிப் படத்திலேயே அத்தை ஆரம்பித்துவிட்டார்: "நான் சொல்றேன், இவதான்." அடுத்த கொலையில் அவளே போய்ச் சேர்ந்ததும் வேறொருவரைக் காட்டினார். கடைசியில் கொலைகாரன் யார் என்று தெரியப்போகும் நேரம், படம் கோடு கோடாக ஆடி, பச்சைப் பசேலென்று கால்பந்து மைதானம்! மலேசியக் கிண்ண ஆட்டம். யாரோ புண்ணியவான் கேசட்டின் கடைசியில் பதிவு செய்திருக்கிறார். ஆடியது சிங்கப்பூர்க் குழு என்பதால் மாமா நகர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அத்தை வீட்டுக்குப் போகும்வரை அவரோடு பேசவில்லை.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், மேலே பதிவு செய்ய முடியாதபடி உடைத்துவிட்டிருந்த ஓட்டையில் ஸ்காட்ச் டேப் ஒட்டியிருந்தது. அப்பா திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பழியை எங்கள்மேல் போட்டார். எங்களிடம் இருந்தது பதிவு வசதியே இல்லாத வெறும் பிளேயர் என்று சொல்லியும் கேட்கவில்லை, முன்பணத்தில் சில வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். மீதி முன்பணமாவது வந்ததா? ஒருநாள் போனால் கதவில் பூட்டு. ரீவைண்ட் செய்யாமல் கொடுத்தால் ஐம்பது காசு கறாராக வாங்கிய மனிதர்! இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளினாலும் பரவாயில்லை.

சிரிப்புப் படம் என்றால் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960). அஞ்சலி தேவி, டி. ஆர். ராமச்சந்திரன், தங்கவேலு. பாடத் தெரியாத நாயகன், பின்னாலிருந்து பாடிக்கொடுக்கும் நண்பன். 'இது இந்தி படோசன் காப்பிதானே' என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். 'படோசன்' வந்தது 1968இல். இரண்டுக்கும் மூலம் 'பாஷேர் பாரி' என்ற வங்காளப் படம். இதைச் சொன்ன பிறகும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். பி. பி. ஸ்ரீநிவாஸின் 'கண்ணாலே பேசிப் பேசி' பாட்டுக்காகவே பார்க்கலாம்.

டிவிக்கென்று எடுத்த படமானாலும் சரி என்றால், ஆங்கிலத்தில் ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' (1971). ஒரு காரை ஒரு லாரி துரத்துகிறது, லாரிக்காரன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். வசனம் குறைவு என்பதால் ஆங்கிலம் தெரியாத என் அம்மாவே எழுந்திருக்காமல் பார்த்தார்.

ஒலி கரகரக்கிறது, நடிப்பு நாடகத்தனம் என்று கமெண்ட் போட வருகிறவர்களே, தெரியும். முதல் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'பொம்மை' (1964) பார்த்தால் கதை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பாலசந்தரே திரையில் வந்து, படத்தில் வேலை செய்தவர்களை நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். 'நீயும் பொம்மை நானும் பொம்மை' பாடிய ஜேசுதாஸ் தமிழுக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான்.