ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்': கேட்டதும் சொன்னதும்

நாகர்கோவிலில் பையன்களுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். பிரிட்டனின் ஹெவி மெட்டல் பேண்ட் ஜூடாஸ் ப்ரீஸ்ட் 2024 மார்ச் 8 அன்று வெளியிட்ட 'இன்வின்சிபிள் ஷீல்ட்' ஆல்பம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணே, எல்லாரும் இதை ஓல்ட் ஸ்கூல்னு சொல்லுதாவ. 2024-ல வந்தது எப்படி ஓல்ட் ஸ்கூல் ஆகும்?

சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஆகாதுதான் தம்பி. தயாரிப்பு ஆண்டி ஸ்னீப். ட்ரம்ஸ் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று கேட்கிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இதே பேண்ட் 1980-ல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' பதிவு செய்தபோது பதிவான சத்தங்களைப் பொத்தானில் ஒலிக்கவிடும் சாம்ப்ளர் வசதி கிடையாது. இரும்பு மனிதர்கள் நடக்கிற சத்தம் வேண்டும் என்று கரண்டி, கத்தி போட்டு வைக்கும் தட்டை மைக் முன்னால் குலுக்கினார்கள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்குப் பால் பாட்டிலை நிஜமாகவே உடைத்தார்கள். அந்தக் கரடுமுரடு இந்த ஆல்பத்தில் இல்லை.

பழசு இருப்பது பாட்டைக் கட்டிய விதத்தில். முதலில் ஒரு ரிஃப் வரும், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிடார் வரி. மொத்தப் பாட்டும் அதன் மேல்தான் நிற்கும். பாடுகிறவர் உறுமாமல் பாடுவார், வார்த்தை புரியும். நடுவில் இரண்டு கிடாரும் மாறி மாறி சோலோ எடுக்கும், பிறகு ஒரே மெட்டை ஒன்று மேலே ஒன்று கீழே வைத்துச் சேர்ந்து போகும். கோரஸை இரண்டாம் தடவை கேட்கும்போதே நாமும் கூடப் பாடிவிடலாம். எழுபதுகளின் கடைசியில் இவர்களே வகுத்த பாதை இது. முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்' சின்த், அதாவது மின்னணு ஒலியோடு தொடங்கும்போது, 1986-ல் இவர்களே அதே மாதிரி ஒலியோடு போட்ட 'டர்போ' ஆல்பம் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

குலசேகரம், ரப்பர் தோட்டத்தில் வேலை: விடியக்காலம் பால் வெட்டும்போ ஒரு காதுல இயர்போன் போட்டு கேப்பேன். நல்ல பாட்டுதான், ஆனா ஏதோ குறையுது.

பாதி கிடார் குறைகிறது! இந்த வகை இசையில் ஒரு கிடாரை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைப்பதுதான் வழக்கம். ஒரு காதில் கேட்டால் கேள்வி மட்டும் கேட்கும், பதில் வராது. இருட்டில் தோட்டத்துக்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், பாம்பு கிடக்கும். போன் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே காதுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஆஃப் செய்துவிட்டு, இரண்டு காதிலும் மாட்டி ஒருமுறை கேளுங்கள்.

தக்கலை, ஒரு அம்மா: என் மகன் ராத்திரி பகலா இதையேதான் கேக்கான். யூதாசு பேரை வச்ச கூட்டம், கொம்புன்னு ஒரு பாட்டு. சாத்தான் பாட்டா தம்பி?

இல்லை அக்கா. அந்தப் பெயரை அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாட்டுத் தலைப்பு ஒன்றிலிருந்து எடுத்தார்கள். நீங்கள் சொல்கிற 'க்ரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்' இந்த ஆல்பத்தின் நிதானமான பாட்டுகளில் ஒன்று, மெட்டுக்காகவே கேட்கலாம். இந்த இசைக்கே மூலவர்களான பிளாக் சபாத், 1971 ஆல்பத்தில் கடவுளை நம்பச் சொல்லியே ஒரு பாட்டு போட்டார்கள். வரிகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். பாட்டில் ரகசியச் செய்தி ஒளித்துவைத்ததாக ஜூடாஸ் ப்ரீஸ்ட் மேல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 1990-ல் தீர்ப்பு பேண்டுக்குச் சாதகமாக வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயம். காது கெட்டால் திரும்ப வராது.

குளச்சல், கோவில் பாடகர் குழுவில் பாடுபவர்: ராப் ஹால்ஃபோர்டுக்கு என்ன வயசு? அந்த உச்சத்துல எப்படிப் பாடுதாரு?

இந்த பேண்டின் பாடகர் அவர். பிறந்தது 1951 ஆகஸ்ட். ஆல்பம் வந்தபோது 72 வயது. இளமையில் பாடிய அளவு உச்சத்தில் இப்போது நெடுநேரம் நிற்பதில்லை. பெரும்பாலும் நடு ஸ்தாயியில் பாடி, தேவையான இடத்தில் மட்டும் மேலே ஏறுகிறார். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் அவரைப் பார்த்து அடித்தொண்டையை இறுக்கிக் கத்த வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குரல் இருக்காது. மெல்லிய தலைக்குரலில் அந்தச் சுரத்தைப் பிடித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்த வேண்டும்.

வடசேரி: க்ளென் டிப்டன் இதில இருக்காரா?

இருக்கிறார். பேண்டின் கிடார்காரர் அவர். பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018-ல் வெளியே சொன்னார். ஆனாலும் பாட்டுகளை உருவாக்கியதில் ஹால்ஃபோர்டோடும் இன்னொரு கிடார்காரர் ரிச்சி ஃபால்க்னரோடும் அவரும் உண்டு. மேடையில் அவர் இடத்தில் நிற்பது ஆண்டி ஸ்னீப். ஃபால்க்னர் கதை வேறு. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில்லில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்தது. நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், பத்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வாசித்த சோலோக்கள் இவை.

கருங்கல், ப்ளஸ் டூ மாணவர்: அண்ணே, அந்தக் குதிரை ஓடுற மாதிரி ரிதம் எனக்கு வரல. கை வலிக்கு. டிஸ்டார்ஷன் ஃபுல்லா வச்சாலும் கொழகொழன்னு கேக்குது.

ஃபுல்லாக வைத்ததால்தான் கொழகொழ மக்களே. முதலில் கெயினை, அதாவது அந்தக் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கிற திருகை, பாதிக்குக் கீழே இறக்கு. வலது உள்ளங்கையின் ஓரத்தை, அதாவது சுண்டுவிரல் பக்கத்துச் சதையை, கிடார் உடலில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் இருந்து அவை புறப்படுகிற இடத்தில் லேசாக வை. ஒரு நூல் உள்ளே தள்ளினால் சுரமே செத்து 'டொக்' என்று கேட்கும், வெளியே இழுத்தால் கம்பி கத்தும். சுரமும் தெரிந்து சத்தமும் அடங்குகிற இடம் கிடைக்கும் வரை கையை நகர்த்திப் பார்.

பிறகு வாயால் சொல்லு: தா தக, தா தக. ஒரு நீளம், இரண்டு குறுகல், மூன்றும் சேர்ந்து ஒரு தாளம். 'தா'வுக்குக் கீழ்வெட்டு, 'தக'வுக்குக் கீழ், மேல். தாளம் தட்டுகிற மெட்ரோனோமை 80-ல் வைத்து, தடிமனான ஈ கம்பியில் மட்டும் அடி. அசைய வேண்டியது மணிக்கட்டு. முழங்கை ஆடினால் வலிக்கத்தான் செய்யும். வலித்தால் நிறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்காதே. இந்த ஆல்பத்துப் பாட்டு எதையும் இப்போதைக்குத் தொடாதே, 'பிரிட்டிஷ் ஸ்டீல்' பாட்டுகளில் தொடங்கு. வேகம் குறைவு, ரிஃப் தெளிவு.

நாகர்கோவில்: நம்ம நாட்டுல யாராவது இப்படி வாசிக்காவளா? நேர்ல கேக்க வழி உண்டா?

பெங்களூரின் மெட்டல் பேண்ட் க்ரிப்டோஸ். 1998-ல் தொடங்கியவர்கள், ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழாவில் 2013-ல் வாசித்தவர்கள். 'டெசிமேட்டர்' என்ற ஆல்பம் 2024-ல் வந்தது. குரல் மட்டும் கரகரப்பு, கிடார் அப்படியே எண்பதுகள். நம்ம ஊரில் கச்சேரி எதிர்பார்க்காதீர்கள். இங்கே திருவிழா மேடையில் நல்ல கிடார்காரர்கள் ஏராளம், ஆனால் ஹெவி மெட்டலுக்கு மைக் செட்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிரிட்டனின் மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன் 2007-ல் வந்ததும் பெங்களூருக்குத்தான். ராத்திரி ரயில் இருக்கிறது.

இரணியல்: டீலக்ஸ் பதிப்பில் மூணு பாட்டு கூட இருக்கே. கேக்கணுமா?

பதினொரு பாட்டே எனக்கு நீளம். 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஒன்பது பாட்டு, 36 நிமிடத்தில் முடிந்துவிடும். இது 50 நிமிடத்தைத் தாண்டுகிறது, பின்பாதியில் இரண்டைக் கழற்றியிருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். கூடுதல் மூன்றில் 'தி லாட்ஜர்' மட்டும் கேளுங்கள். கொலையும் பழிவாங்கலுமாகக் கதை சொல்கிற பாட்டு, மற்றவற்றின் சாயல் அதில் கிடையாது.